அந்த வரியை அடித்துவிடுங்கள்

மேலநீலிதநல்லூரில் விடியும் முன்பே பையன்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரிப் பக்கமும் சங்கரன்கோவில் சாலை ஓரத்திலும் கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடுகிறார்கள். சிலருக்குக் காவலர் தேர்வு, சிலருக்குப் பட்டாளம். வானம் பார்த்த பூமியில் பிறந்த பிள்ளைக்குப் பட்டாளம் என்பது வெறும் வேலை அல்ல. அவன் அனுப்பும் பணத்தில்தான் வீட்டுக்குக் காரை போடுவார்கள், தங்கையைக் கட்டிக்கொடுப்பார்கள், கடன்காரன் வாசலுக்கு வருவது நிற்கும். இப்போது இந்தப் பையன்களில் சிலர் இன்னும் மேலே பார்க்கிறார்கள். சிப்பாயாக அல்ல, அதிகாரியாகவே போக வேண்டும் என்கிறார்கள். என்.டி.ஏ., சி.டி.எஸ். என்ற அதிகாரித் தேர்வுகளின் பெயர்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டன. நல்ல சங்கதிதான். அந்த ஆசையை ஊதி வளர்க்க வேண்டியது நம் எல்லோர் கடமையும்கூட.

ஆனால் அந்த ஆசையின் வாசலில் ஒரு காகிதம் காத்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் நம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேர வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு இன்னொரு 900. இலட்சக்கணக்கானவர்கள் எழுதி, சில நூறு பேர் தேறி வருகிறார்கள். தேறி வந்த பையனின் தகப்பனார் அகாடமியில் சேர்ப்பதற்கு முன் ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். பயிற்சியின்போதோ, பயிற்சியின் விளைவாகவோ மகனுக்குக் காயம் ஏற்பட்டால் அரசிடம் எந்த இழப்பீடும் நிவாரணமும் கேட்க உரிமை இல்லை என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டேன் என்கிறது அந்தச் சான்று. அறுவை சிகிச்சையிலோ மயக்க மருந்திலோ உடல் பாதித்தாலும், உயிரே போனாலும் இதே கதைதான். இது ஏதோ இரகசியக் கோப்பில் ஒளிந்திருக்கிற விதி அல்ல. தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடும் அறிவிப்பின் பின்னிணைப்பிலேயே அச்சாகியிருக்கிறது.

நம் ஊர்த் தகப்பனார் ஒருவரை அந்த மேசைக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். வெள்ளை வேட்டியில் வந்திருப்பார். ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் இருக்கும். மகன் பெட்டியோடு பக்கத்தில் நிற்பான். அந்த ஆங்கிலப் படிவத்தில் அவருக்குப் புரிவது மகன் பெயரும் தன் பெயரும்தான். அலுவலர் விரலால் இடத்தைக் காட்ட, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பெருமையோடு போடுகிறார் கையெழுத்தை. ஊருக்குத் திரும்பியதும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்ற நினைப்பில் இருக்கிற மனிதர் அவர். தன் பிள்ளையின் முதுகெலும்புக்கு அரசு பொறுப்பில்லை என்று தானே எழுதிக்கொடுத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் எந்தத் தகப்பன் பேனாவைக் கீழே வைப்பான்?

இதை நாம் கண்டிக்கிறோம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை. அவன் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அப்படிப்பட்ட பிள்ளையின் வாழ்நாள் உரிமையைத் தகப்பனின் கையெழுத்தைக் கொண்டு எழுதி வாங்குகிற வேலையை, வட்டிக்கடைக்காரர் செய்தால் வழக்குப் போடுவோம். அரசாங்கம் செய்தால் அது விதிமுறையாகிவிடுமா?

இந்தக் கையெழுத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. அதே மேசையில் ஒரு பிணைப் பத்திரமும் எழுதப்படுகிறது. பயிற்சியைப் பாதியில் தானாக விட்டுப் போனாலோ, முடித்தபின் அதிகாரிப் பொறுப்பைத் தரும்போது ஏற்க மறுத்தாலோ, படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் உடைக்கும் ஆன செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயிற்சி முடியும் வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொண்டால் வெளியேற்றம், செலவுத் தொகையும் வசூல். பிள்ளை எப்போது எழுந்திருப்பான், எப்போது சாப்பிடுவான், யாருக்குச் சல்யூட் அடிப்பான், எந்த வயதில் தாலி கட்டுவான் என்பது வரை அரசின் பிடியில் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கும் கடக்வாசலாவில் மூன்றாண்டு, அதன்பின் தரைப்படைக்குப் போகிறவர்களுக்கு டேராடூன் ராணுவ அகாடமியில் ஓராண்டு. நான்கு ஆண்டு முழுக்க அவன் அரசின் பிள்ளை. பாய்ந்து விழுந்து கழுத்து முறிகிற நொடியில் மட்டும் அவன் இந்தத் தகப்பனாரின் பிள்ளையாகிவிடுகிறான்.

அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். குதிரை ஏற வேண்டும். குத்துச்சண்டை வளையத்துக்குள் இறங்க வேண்டும். நீச்சல் தெரியாதவனும் உயரப் பலகையிலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். முழு மூட்டையைச் சுமந்து மலையேற வேண்டும், சுவர் தாண்ட வேண்டும், கயிற்றில் தொங்க வேண்டும். இவையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போர்க்களத்தில் நாற்பது பேரை வழிநடத்தப் போகிறவனை மெத்தையில் வைத்து வளர்க்க முடியாது. கடினமாகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு கடினமான பயிற்சியில் சிலருக்கு அடிபடும் என்பது அரசுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்திருப்பதால்தானே அந்தச் சான்றையே எழுதி வாங்குகிறது!

அடிபட்டுத் தேறாதவர்களை மெடிக்கல் போர்டு பார்த்து, தகுதியில்லை என்று எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிடும். பட்டாளத்து மொழியில் இதற்கு 'போர்டு அவுட்' என்று பெயர். 1985 முதல் இப்படி அனுப்பப்பட்ட பயிற்சி மாணவர்கள் சுமார் 500 பேர். தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து மட்டும் 2021 முதல் 2025 ஜூலை வரை ஏறக்குறைய 20 பேர். இவர்களில் சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாதவர்கள் உண்டு. கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கவும், குழாய் மாற்றவும், வாயில் கஞ்சி ஊற்றவும் வயதான தாய்மார்கள் இருக்கிறார்கள். இந்தத் தாய்மார்களுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு அரசிடம் நெடுங்காலம் பதிலே இருந்ததில்லை.

அரசு தந்துவந்ததற்குப் பெயர் கருணைத்தொகை. மாதம் 9,000 ரூபாய். முழு ஊனமென்றால் அதற்குமேல் 16,200 ரூபாய். ஊனத்தின் அளவு குறையக் குறைய இதுவும் குறையும். கூடவே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையிலிருப்பவருக்கு 6,750 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தாலும் எல்லாம் கூடி மாதம் 40,000 ரூபாய் அளவில் நின்றுவிடும். அதுவும் முழு ஊனமானவருக்குத்தான். படுக்கையில் கிடப்பவருக்கு இரவும் பகலும் ஆள் வைத்து, பிசியோதெரபி கொடுத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வாங்கி, சிறுநீர்க் குழாய்க்கும் டயப்பருக்கும் செலவழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பணம் மாதத்தில் எத்தனை நாள் வரும் என்று.

தொகையைவிட நம்மைக் கொதிக்க வைப்பது அந்தப் பெயர்தான். கருணை. யாருக்கு யார் காட்டும் கருணை? நாட்டுக்காகத் தன் வாழ்வின் ஆண்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு, அந்த ஆண்டுகளைத் தொடங்கும் முன்பே உடலையும் கொடுத்துவிட்டவனுக்கு, அரசு கருணை காட்டுகிறதாம். கருணை என்றால் காட்டலாம், காட்டாமலும் விடலாம். அவனுக்குச் சேர வேண்டியது ஓய்வூதியம். அது உரிமை, கேட்டு வாங்கலாம், மறுத்தால் நீதிமன்றம் போகலாம்.

ஒரே ஒரு நாள் வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். அணிவகுப்பு முடிந்து, தாயும் தகப்பனும் தோளில் நட்சத்திரம் குத்தி, லெப்டினன்ட் ஆன மறுநாள் ஒருவருக்கு முதுகெலும்பு உடைந்தால் அவருக்கு ஊன ஓய்வூதியம் உண்டு. கடைசிச் சம்பளத்தில் பாதி சேவைக்காக. முழு ஊனமென்றால் மேலும் 30 விழுக்காடு ஊனத்துக்காக. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும், அதோடு வரும் மருத்துவமும் சலுகைகளும் தனி. அந்த நட்சத்திரத்துக்கு முந்தின நாள் அதே மைதானத்தில், அதே பயிற்றுநரின் அதட்டலில், அதே சுவரிலிருந்து விழுந்தவருக்குக் கருணைத்தொகை மட்டும். முதுகெலும்புக்குத் தெரியுமா தோளில் நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா என்று?

சிப்பாயாகச் சேருகிற பையனின் நிலையைப் பார்த்தால் இந்த அநீதி இன்னும் பளிச்சென்று தெரியும். சிப்பாய், பெயர் பதிந்த நாளிலிருந்தே படையினன். பயிற்சி மையத்தில் அடிபட்டு ஊனமாகி அனுப்பப்பட்டாலும் முன்னாள் படைவீரர் தகுதி உண்டு என்பது நெடுநாள் நடைமுறை. சிப்பாய்களை நான்காண்டுக்கு எடுக்கும், 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் ஓய்வூதியம் இல்லாமல் செய்தது நமக்கு உடன்பாடில்லாத விஷயம். ஆனால் அந்தத் திட்டத்தில்கூட நான்காண்டுக் கணக்கில் பயிற்சிக் காலமும் சேரும். பணியினால் முழு ஊனமானால் 44 இலட்சம் ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, இந்த ஊரிலிருந்து இரண்டு பையன்கள் போய், ஒருவன் சிப்பாய்ப் பயிற்சியிலும் இன்னொருவன் அதிகாரிப் பயிற்சியிலும் ஒரே மாதிரி விழுந்தால், அதிகம் படித்துக் கடினமான தேர்வில் தேறிய பையன்தான் நாதியற்றவனாக ஊர் திரும்புகிறான்.

இந்த நிலை கடக்வாசலாவோடும் டேராடூனோடும் நிற்பதில்லை. நம் சென்னைப் பரங்கிமலையில் 1963-லிருந்து நடக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் இதே விதிதான். கல்லூரிப் பட்டம் வாங்கி, பத்தாண்டு சேவைக்கு, வேண்டுமானால் மேலும் நான்காண்டுக்கு ஒப்புக்கொண்டு வருகிற ஆண்களும் பெண்களும் அங்கே 49 வாரம் பயிற்சி எடுக்கிறார்கள். அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் அங்கிருந்து வெளிவந்தவர். அவர் சிலைக்கு மாலை போடுகிறோம், அவர் கதையைத் திரையில் பார்த்துக் கண் கலங்குகிறோம். அதே அகாடமி மைதானத்தில் விழுந்து எழாமல் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இதுவரை நாம் கேட்டோமா? இந்தக் கேள்வி பத்திரிகைகளுக்கும் சேர்த்துத்தான். தமிழ் ஏடுகள் இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நாமும்தான்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 12 அன்று, ஆங்கில நாளேடு ஒன்றில் வந்த செய்தித் தொடரைப் பார்த்துவிட்டு, தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் அமர்வு ஆகஸ்ட் 18 அன்று ஒன்றிய அரசைக் கேட்ட கேள்விகள் எளிமையானவை. சாவு வரைக்கும் துணிகிற பிள்ளைகளுக்குக் குழுக் காப்பீடு ஏன் கூடாது? கருணைத்தொகையை ஏன் உயர்த்தக் கூடாது? சிகிச்சை முடிந்தபின் மேசை வேலையாவது கொடுத்து இவர்களை ஏன் படைக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடாது? நாற்பது ஆண்டுகளாகப் பாதுகாப்பு அமைச்சகத்தில் மாறி மாறி உட்கார்ந்த எத்தனையோ அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும் தோன்றாத கேள்விகளா இவை?

கேள்வி வந்த பதினொன்றாம் நாள், ஆகஸ்ட் 29 அன்று, முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இவர்களுக்கும் திறக்கப்பட்டது. சேருவதற்கான 1,20,000 ரூபாய்ச் சந்தாவும் தள்ளுபடி. வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் திட்டம் 2003-ல் தொடங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக முடியாது என்று இருந்தது பதினோரு நாளில் முடிந்துவிட்டது! அப்படியென்றால் சட்டம் தடுக்கவில்லை, பணம் தடுக்கவில்லை. மனம்தான் இல்லை. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் மருத்துவமனை வாசலில் நகையை விற்றவர்களுக்கும், காணியை எழுதிக்கொடுத்தவர்களுக்கும், சிகிச்சை எட்டாமலே பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் யார் பதில் சொல்வது?

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜனவரியில், இவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டங்களைத் திறந்துவிட்டதாக அமைச்சகம் பெருமையாக அறிவித்தது. முன்னாள் படைவீரர்களுக்கான எரிவாயு விநியோகம், பால் சாவடி போன்றவற்றுக்கு இவர்களும் விண்ணப்பிக்கலாமாம். கால் இரண்டும் அசையாத பிள்ளைக்கு எரிவாயு உருளை விநியோகத்தைக் காட்டுவது எந்த வகை மறுவாழ்வு? ஓய்வூதியத்தைக் கொடுத்துவிட்டு இதையும் கொடுத்திருந்தால் நன்றி சொல்லியிருப்போம்.

அரசுத் தரப்பு வழக்கமாகச் சொல்வது, பயிற்சி மாணவர் இன்னும் அதிகாரியாக ஆணை பெறாதவர், ஆகவே சேவையில் இருப்பவராகக் கருத முடியாது என்பதுதான். இந்த வாதத்தை நாம் ஏற்க மறுக்கிறோம். டேராடூனிலும் பரங்கிமலையிலும் பயிற்சியில் இருப்பவருக்கு அரசு மாதம் 56,100 ரூபாய் கொடுக்கிறது. அது லெப்டினன்டின் தொடக்க அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகை. கொடுக்கும்போது லெப்டினன்டின் அளவுகோல், விழுந்தபின் மாணவர் என்ற அளவுகோலா? பிணைப் பத்திரம் எழுதி வாங்கும்போது படையின் ஆள், செலவுக் கணக்குப் பார்க்கும்போது வழிப்போக்கரா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் பணியின்போது ஊனமானவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. 2021 ஆகஸ்டில் படைவீரர்களை அந்தப் பிரிவிலிருந்து விலக்கி அரசு ஆணை போட்டது. போரிடுகிறவர்கள் வேறு வகை என்பது காரணம். பயிற்சி மாணவரிடம் போய், நீ இன்னும் போரிடுகிறவன் இல்லை, ஓய்வூதியம் கிடையாது என்கிறார்கள். சரி, போரிடுகிறவன் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பாவது அவனுக்கு வர வேண்டாமா? அதற்கு, நீ ஊழியனே இல்லையே என்பார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் பக்கத்துக் கதவைக் காட்டுகிறது அரசு.

செலவு கட்டுப்படியாகாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்நூறு பேருக்கும் இப்போது கொடுப்பதற்கு மேல் மாதம் 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஆண்டுக்கு ஆவது 30 கோடி ரூபாய். 2025-26 பாதுகாப்பு ஒதுக்கீடு 6,81,210 கோடி ரூபாய். சேலைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவர் ஐந்து பைசாவுக்கு முகம் சுளித்தது போலக்கூட இல்லை இது. அதைவிடச் சின்ன தொகை.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் கடன் எதுவும் இல்லாமல் விலகலாம். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில்தான் எல்லோரும் கூடி நின்று கை உயர்த்தி, படிப்பை முடிப்போம், அதன்பின் ஐந்தாண்டு முழுநேரச் சேவையும் மூன்றாண்டு ரிசர்வ் சேவையும் செய்வோம் என்று உறுதி எடுக்கிறார்கள். அந்த உறுதிக்கு முன்பே, சேர்ந்த முதல் நாளிலிருந்தே, முன்னாள் படையினர் நலச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் பணியில் இருப்பவர்கள்தான். பயிற்சியில் ஊனமானால் ஊன இழப்பீடு சட்டப்படி உண்டு. அந்த நாட்டின் எத்தனையோ செயல்களில் நமக்கு மாறுபாடு உண்டு. இதில் அவர்கள் செய்வது சரி. பிள்ளை வாக்குக் கொடுப்பதற்கு முன் நாடு வாக்குக் கொடுத்துவிடுகிறது.

நாம் கேட்பதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். அகாடமி வாசலில் கால் வைத்த நாளிலிருந்து பயிற்சி மாணவரைப் பணியில் இருப்பவராக அறிவிக்க வேண்டும். பயிற்சியால் ஊனமானவருக்குக் கருணைத்தொகையை ஒழித்துவிட்டு, லெப்டினன்டுக்கு உரிய ஊன ஓய்வூதியத்தைக் கொடுக்க வேண்டும்; அது இனி வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, 1985-லிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும், நிலுவையோடு. மூளையும் கையும் வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் படையின் அலுவலகங்களில், பயிற்சிக்கூடங்களில், கணினிப் பிரிவுகளில் இடம் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் உத்தரவு போடட்டும் என்று வாய்தா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அரசே முன்வந்து செய்ய வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் 1962-லிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து அகாடமிக்குத் தயார்செய்கிற மாநிலம் இது. அப்படிப் போய் ஊனமாகித் திரும்பிய தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுக்கட்டும். முன்னாள் படைவீரர்களுக்கு மாநிலம் தரும் அத்தனை சலுகைகளையும் அவர்களுக்கும் தரட்டும். அதற்கு டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. தென்காசித் தொகுதி உட்பட இந்த மாநிலத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் ஒருவராவது அந்தச் சான்றின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு மக்களவையில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அமைச்சர் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

2022 முதல் பெண் பிள்ளைகளும் கடக்வாசலாவுக்குப் போகிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். மேலநீலிதநல்லூர் சாலையில் ஓடுகிற பையன்களுக்குப் பின்னால், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடுகிற பெண் பிள்ளைகளும் இப்போது கண்ணில் படுகிறார்கள். இனி மகளுக்காகவும் அந்தத் தகப்பனார் அதே மேசைக்கு முன்னால் போய் நிற்பார்.

தேர்வாணையத்தின் அடுத்த அறிவிப்பும் வெளியாகத்தான் போகிறது. இழப்பீடு கேட்க உரிமை இல்லை என்கிற அந்த வரி அதில் இருக்கக் கூடாது. அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் பாதுகாப்பு அமைச்சர் தன் பேனாவை எடுத்து அதை அடிக்க வேண்டும்.